விண்வெளியில அடைஞ்சு கிடக்கும்போது உயிருக்கே ஆபத்துன்னா? மிர் 1997 பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

விண்கலத்துல மாசக்கணக்கா மாட்டிக்கிட்டு, இன்னிக்கு பொழைப்போமான்னு தெரியாம நாள் ஓட்டுற ஆளுங்களை நாம கதையிலயும் படத்துலயும்தான் பாத்திருப்போம். அது நெஜமாவே நடந்த வருஷம் ஒன்னு இருக்கு, 1997. அந்த வருஷத்தை பத்தி பேச ஆரம்பிச்சாலே வர்ற கேள்விகளுக்கு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் பதில் இங்க இருக்கு. நான் இதை படிக்க படிக்க திரும்ப திரும்ப தோணுன விஷயம் ஒன்னுதான்: ஆபத்து நிமிஷக்கணக்குல முடிஞ்சிருது, அதுக்கு அப்புறம் காத்துக்கிடக்குற மாசங்கள்தான் ஆளை உருக்குது. அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

மிர்னா என்ன? அதுல ஏன் 1997 மட்டும் இவ்ளோ பேசப்படுது?

சோவியத் யூனியன் 1986 பிப்ரவரியில அனுப்புன விண்வெளி நிலையம். முதல்ல ஒரு பகுதிதான் போச்சு, அப்புறம் க்வாந்த், க்வாந்த் 2, கிறிஸ்டல், ஸ்பெக்டர், ப்ரிரோதான்னு ஒவ்வொன்னா கொண்டுபோய் ஒட்டினாங்க. பூமியில இருந்து ஏறக்குறைய 390 கிலோமீட்டர் உயரம், ஒன்னரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து. அஞ்சு வருஷம் உழைச்சா போதும்னு நெனச்சு கட்டினது, 15 வருஷம் ஓடி 2001 மார்ச்சுல பசிபிக் கடல்ல விழ வெச்சாங்க. நடுவுல நாடே ஒடைஞ்சுபோச்சு, காசு இல்ல, சாமான் எல்லாம் பழசாயிடுச்சு. அந்த நேரத்துல அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டு நாசா ஆளுங்களும் மாறி மாறி போய் தங்கினாங்க. 1997ல தீப்பிடிச்சது, சரக்குக் கப்பல் மோதுச்சு, கரண்ட் போச்சு, நிலையத்தை குளிர வைக்கிற திரவமான கூலன்ட் ஒழுகுச்சு, எல்லாம் ஒரே வருஷத்துல.

தீ எப்படி பிடிச்சது?

பிப்ரவரி 23. அன்னிக்கு ரஷ்யாவுல ராணுவ வீரர்களுக்கான விடுமுறை நாள், ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து ராத்திரி சாப்பாட்டை அப்பதான் முடிச்சிருந்தாங்க. வழக்கமா மூணு பேர் இருக்குற எடத்துல புது குழுவும் பழைய குழுவும் சேர்ந்து ஆறு பேர் இருந்ததால ஆக்சிஜன் பத்தாது, அதனால ஒரு டப்பாவுக்குள்ள இருக்குற ரசாயனத்தை சூடாக்கி ஆக்சிஜன் எடுக்குற சாதனத்தை அப்பப்ப ஓட்டுவாங்க. புது குழுவுல வந்த ரஷ்ய வீரர் அலெக்சாந்தர் லசுத்கின் அன்னிக்கு க்வாந்த் பகுதியில போய் அதை ஆன் பண்ணப்போ அந்த டப்பா எரிய ஆரம்பிச்சிடுச்சு. இதுல கொடுமை என்னன்னா அது எரியும்போதே ஆக்சிஜனையும் விட்டுக்கிட்டே எரியும், அதனால தீயை மூச்சடைக்க வெச்சு அணைக்குற கதையே கெடையாது. கமாண்டர் வலேரி கோர்சுன் முன்னாடி நின்னு அணைப்பானை அடிக்க, புவியீர்ப்பு இல்லாததால அணைப்பான் அடிக்கிற வேகத்துலயே அவர் பின்னாடி தள்ளப்பட, அவரை பிடிச்சு நிறுத்துற வேலை நாசா வீரர் ஜெர்ரி லினெஞ்சருக்கு. புகையில பக்கத்துல இருக்குறவங்க முகம் தெரியல. மூச்சு மாஸ்க்ல ஒன்னு ரெண்டு வேலையே செய்யல.

எவ்ளோ நேரம் எரிஞ்சதுன்னு இன்னிக்கும் ஒத்த கருத்து இல்ல. அதிகாரபூர்வமா 90 செகண்டுன்னு சொன்னாங்க, லினெஞ்சர் 14 நிமிஷம்னு சொன்னார்.

அப்பவே சோயுஸ்ல ஏறி பூமிக்கு வந்திருக்கலாமே?

சோயுஸ்னா ஆளுங்க போய் வர்ற ரஷ்ய விண்கலம். ரெண்டு சோயுஸ் இருந்துச்சு, ஒவ்வொன்னுலயும் மூணு பேர். ஆனா ஒரு சோயுஸுக்கு போற வழி தீ இருந்த பக்கம். அதாவது போகணும்னா மூணு பேர்தான் போக முடியும், மிச்ச மூணு பேர் நிக்கணும். யார் போறது யார் நிக்கிறதுன்னு அங்க யாரும் பேச்சை எடுக்கல, எல்லாரும் ஆளுக்கு ஒரு வேலையை பாத்தாங்க. கோர்சுன் தீயோட நிக்கும்போது அலெக்சாந்தர் கலேரி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, ஒருவேளை கிளம்ப வேண்டி வந்தா வேணுமேன்னு எறங்குறதுக்கான தகவலை பிரிண்ட் எடுத்துக்கிட்டிருந்தார். புகை சூழ்ந்த எடத்துல ஒரு மனுஷன் நிதானமா பிரிண்ட் எடுக்குறதை நெனச்சு பாருங்க. தைரியம்னு எதையோ சொல்றோமே, என்னை கேட்டா அது இதுதான்.

கப்பல் மோதினது எப்படி? டிரைவர் தப்பா?

ஜூன் 25. தீயப்போ இருந்த பழைய குழு மார்ச்லயும் லினெஞ்சர் மே மாசமும் போயிட்டாங்க, மிர்ல இப்போ கமாண்டர் வசீலி சிப்லியெவ், லசுத்கின், இங்கிலாந்துல பொறந்த நாசா வீரர் மைக்கேல் ஃபோல். ப்ராக்ரெஸ்னு ஆளில்லா சரக்குக் கப்பல், ஏழு டன் கிட்ட. வழக்கமா அது தானா வந்து ஒட்டிக்கும், அந்த தானியங்கி கருவி உக்ரைன்ல தயாராகுறது. நாடு பிரிஞ்சப்புறம் அதுக்கு வெலை அதிகம், அதனால கையாலயே ஓட்டி ஒட்ட வைக்க முடியுமான்னு பாக்கலாம்னு தரையில இருக்குற கட்டுப்பாட்டு மையத்துல முடிவு பண்ணினாங்க. மார்ச்ல ஒரு தடவை இதே மாதிரி பண்ணப்போ சிப்லியெவ் முன்னாடி இருந்த டிவியில படமே வரல, கப்பல் நிலையத்தை தொடாம பக்கத்துலயே போயிடுச்சு. அதுக்கு அப்புறமும் திரும்ப பண்ண சொன்னாங்க!

ரேடார் ஆஃப், அதனால தூரம் எவ்ளோ வேகம் எவ்ளோன்னு நேரடியா சொல்ல ஒன்னும் இல்ல. ப்ராக்ரெஸ்ல இருக்குற கேமரா படத்துல மிர் எவ்ளோ பெருசா தெரியுதுன்னு பாத்துதான் தூரத்தை யூகிக்கணும், அதுலயும் பின்னாடி பூமியோட வெள்ளை மேகம், மிர் எது மேகம் எதுன்னு பிரிச்சு பாக்குறதே கஷ்டம். பூமியில பயிற்சி எடுத்து நாலு மாசம் தாண்டிடுச்சு, ஆளோ தூக்கம் கெட்டு சோர்ந்து கிடக்குறார். லசுத்கினும் ஃபோலும் ஜன்னல் ஜன்னலா போய் கப்பல் எங்க வருதுன்னு தேடுறாங்க, கடைசியா லசுத்கின் கண்ணுல பட்டப்போ அது ரொம்ப கிட்ட, ரொம்ப வேகம். ஃபோலை சோயுஸுக்கு ஓடுன்னு கத்தினார். கப்பல் ஸ்பெக்டரோட சோலார் பேனல்ல மோதி, ஸ்பெக்டர்லயே ஓட்டை விழுந்து, காத்து வெளிய போக ஆரம்பிச்சது. ஃபோலுக்கு காது அடைச்சுக்கிட்டதாம், அப்பவே புரிஞ்சிடுச்சு.

டிரைவர் தப்பான்னு கேட்டா, கடைசி நிமிஷத்துல கை வெச்சவர் அவர்தான், ஆனா அந்த நிமிஷத்துக்கு அவரை கொண்டுவந்து விட்டது வேற ஆளுங்க எடுத்த முடிவுகள். இதுக்கு கீழ இன்னொரு கேள்வியில வரேன்.

ஓட்டையை எப்படி அடைச்சாங்க?

ஓட்டையை அடைக்கல, அது எங்க இருக்குன்னே கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. ஸ்பெக்டரையே மொத்தமா மூடி தனியா ஆக்கிட்டாங்க. சொல்றதுக்கு சுலபமா இருக்கு. ஸ்பெக்டரோட வாசல் வழியா கேபிளும் ஒரு காத்துக் குழாயும் போய்க்கிட்டிருந்ததால கதவை சாத்த முடியாது. லசுத்கின் ஒவ்வொரு கேபிளா கழட்ட ஆரம்பிச்சார், கழட்ட வராததை கத்தியால அறுத்தார், அதுல ஒன்னு கரண்ட் ஓடிக்கிட்டிருந்த கேபிள், அறுத்தப்போ தீப்பொறி பறந்துச்சு. ஃபோல் முதல்ல சோயுஸை கிளம்ப தயார் பண்ணிட்டு வந்து கூட சேர்ந்துக்கிட்டார். அவருக்கு கொஞ்ச நேரம் குழப்பம், ஓட்டை எந்தப் பகுதியிலன்னு தெரியாம ஏன் இதை மூடுறார்னு. லசுத்கின் மோதினதை கண்ணால பாத்திருந்தார், அதனால அவருக்கு சந்தேகமே இல்ல, விளக்கம் சொல்லவும் நேரம் இல்ல. உள்பக்க கதவை இழுத்தா வரல, ஏன்னா வெளிய போற காத்து அதை எதிர்ப்பக்கமா அழுத்துது. உடனே வேற ஒரு மூடியை தேடி எடுத்து வெளிப்பக்கமா வாசல்ல வெச்சாங்க, போற காத்தே அதை இழுத்து கச்சிதமா ஒட்ட வெச்சிடுச்சு. கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்ச வேலை. கொஞ்சம் தாமதிச்சிருந்தா மிரை விட்டுட்டே வந்திருக்கணும்.

மூடினதும் பிரச்னை முடிஞ்சதா?

இல்லங்க, அங்கதான் ஆரம்பமே. கரண்ட்ல பெரிய பங்கு ஸ்பெக்டரோட பேனல்ல இருந்து வந்தது, அறுத்த கேபிளோட அதுவும் போச்சு. மோதின வேகத்துல நிலையம் வேற சுத்த ஆரம்பிச்சிடுச்சு, மிச்ச பேனலும் சூரியனை பாக்கல, பேட்டரி தீந்துபோய் ஒவ்வொன்னா அணைஞ்சு கடைசியில ஃபேன் கூட நின்னுடுச்சு. விண்வெளி நிலையத்துல எப்பவும் ஃபேன் சத்தம் இருந்துக்கிட்டே இருக்கும், ராத்திரி பகல் நிக்காது. அது நின்ன நிசப்தத்தை பத்தி ஃபோல் பின்னாடி பல தடவை பேசியிருக்கார். ஃபேன் இல்லன்னா வெறும் இருட்டு மட்டும் இல்ல, நாம விடுற மூச்சே மூஞ்சியை சுத்தி நின்னுக்கும், ஒரே எடத்துல அசையாம இருந்தா தலைவலி வரும்.

ஃபோல் வானியற்பியல் படிச்சவர். ஜன்னல் கிட்ட போய் கையை நீட்டி கட்டைவிரலை வெச்சுக்கிட்டு, நட்சத்திரம் விரலை எவ்ளோ நேரத்துல கடக்குதுன்னு பாத்து நிலையம் எந்த வேகத்துல சுத்துதுன்னு கணக்கு போட்டார். அப்புறம் சிப்லியெவ் சோயுஸ்ல உக்காந்து அதோட குட்டி எஞ்சின்களை தட்டித் தட்டி மொத்த நிலையத்தையும் திருப்பப் பாத்தார். சோயுஸ் இருக்குறதோ ஒரு ஓரத்துல, தள்ள வேண்டியது நூறு டன்னுக்கு மேல. ஒரு தடவை தட்டு, ஜன்னல்ல பாரு, சொல்லு, திரும்ப தட்டு. ஒரு நாளுக்கு மேல போராடித்தான் பேனலை சூரியன் பக்கம் திருப்பி உயிர் கொண்டுவந்தாங்க.

அதுக்கு அப்புறம் அவங்க மனநிலை எப்படி இருந்துச்சு?

இந்தக் கேள்வியைத்தான் நிறைய பேர் கேக்கணும்னு நெனைக்கிறேன், ஆனா எல்லாரும் மோதலோட கதையை நிறுத்திடுறாங்க. ஈரம், வெக்கை, பாதி பகுதி இருட்டு, துணி தொடைச்சுத் தொடைச்சு கை ஓஞ்சுபோற அளவுக்கு தண்ணி கோத்து நிக்குது, கூலன்ட் வாசனை வேற. மூடுன ஸ்பெக்டருக்குள்ள விண்வெளி உடை போட்டுக்கிட்டு போய் கேபிளை திரும்ப இணைக்கணும்னு தரையில திட்டம் போடுறாங்க, அதுக்கு தயாராகும்போது ஜூலை நடுவுல சிப்லியெவோட இதயத்துடிப்பு சீரா இல்லன்னு தெரிஞ்சது. சில நாள்லயே, பயிற்சியில தவறுதலா ஒரு கேபிளை கழட்டிட்டாங்க, நிலையம் திரும்பவும் திசை தவறி இருட்டாயிடுச்சு. அஞ்சு மாசமா ஒழுங்கா தூங்காத மனுஷங்க கிட்ட வேற என்ன எதிர்பாக்க முடியும்? கடைசியில அந்த வேலையை அவங்க கிட்ட இருந்து எடுத்து, ஆகஸ்ட்ல போன அனதோலி சொலோவியொவ், பாவெல் வினோக்ரதொவ் குழுவுக்கு குடுத்தாங்க. ஆகஸ்ட் 22 அவங்க உள்ள போய் கேபிளை இணைச்சாங்க. அது சரியான முடிவு. களைச்சவங்களை மாத்துறது அவமானம் இல்ல.

இப்படி அடைஞ்சு கிடந்தா ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்க மாட்டாங்களா?

உரசல் வரும். 1982ல சல்யுத் 7ங்கிற சோவியத் விண்வெளி நிலையத்துல 211 நாள் இருந்த பெரெசவோயும் லெபெதெவும் ஒத்துப்போகாம தவிச்சது லெபெதெவோட டைரியிலயே இருக்கு. ஆனா ஆச்சரியம், பெரும்பாலும் கோவம் கூட இருக்குறவங்க மேல போறதில்ல, தரையில இருக்குறவங்க மேல போகுது. நிக் கனாஸ்னு அமெரிக்க மனநல மருத்துவர் மிர்ல இருந்தவங்களையும் தரைக் குழுவையும் ஆராய்ச்சி பண்ணப்போ இதைத்தான் பாத்தார், உள்ள இறுக்கம் கூடுனா தரையில இருந்து நமக்கு ஆதரவே இல்லன்னு தோண ஆரம்பிக்குது. மாமியார் மேல இருக்குற கோவத்தை பாத்திரத்து மேல காட்டுற மாதிரி. ஆனா சில சமயம் தரை மேல வர்ற கோவம் நியாயமாவும் இருக்கும், அதை மறந்துடக்கூடாது. 1973-74ல ஸ்கைலாப்ங்கிற அமெரிக்க விண்வெளி நிலையத்துல 84 நாள் இருந்த மூணு பேர் வேலை அட்டவணை தாங்க முடியலன்னு வெளிப்படையா பேசினாங்க, தரையில கேட்டு கொஞ்சம் தளர்த்தினாங்க, அதுக்கு அப்புறம் வேலை நல்லாவே நடந்துச்சு. அதை ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டு திரியுறாங்க, ஸ்ட்ரைக் எல்லாம் ஒன்னும் நடக்கல.

சரி, தாக்குப்பிடிச்சவங்க எப்படி தாக்குப்பிடிச்சாங்க?

ஃபோல் பண்ணது ரொம்ப சின்ன விஷயம். ரஷ்ய மொழியை நல்லா கத்துக்கிட்டார், அவங்களோட உக்காந்து சாப்பிட்டார், விருந்தாளி மாதிரி இல்லாம தொடைக்கிற வேலையில இருந்து எல்லாத்தையும் பங்கு போட்டுக்கிட்டார். மோதல்ல அவர் தூங்குற எடமே ஸ்பெக்டரோட போச்சு, சொந்த சாமான்ல முக்காவாசி போச்சு. ஆனா கிறிஸ்டல்ல அவர் வளத்த செடி மிஞ்சுச்சு, கடுகு குடும்பத்து செடி. தேனீ இல்லாத எடம்ல, அதனால பூவுக்கு பூ இவரே மகரந்தம் தடவி விட்டு, விதை எடுத்து, அந்த விதையை அங்கேயே போட்டு அடுத்த தலைமுறை செடியையும் முளைக்க வெச்சார். விண்வெளியில விளைஞ்ச விதை விண்வெளியிலயே முளைச்சது அப்பதான்.

முந்தின வருஷம் மிர்ல இருந்த நாசா வீராங்கனை ஷானன் லூசிட் இன்னும் சுவாரஸ்யம். ராக்கெட் கோளாறு, புயல்னு அவங்களை கூட்டிட்டு வர வேண்டிய ஷட்டில் (நாசாவோட விண்வெளி ஓடம்) ஆறு வாரம் தள்ளிப்போச்சு, 188 நாள் இருந்தாங்க. ஞாயித்துக்கிழமைன்னா பிங்க் சாக்ஸ் போடுவாங்க, ராத்திரி கூட இருந்த ரெண்டு யூரிகளோட (ஒனுஃப்ரியென்கோ, உசச்சொவ்) ஒரு பை ஜெல்லியை பகிர்ந்து சாப்பிடுவாங்க. ஒரு நாளுக்கு 16 தடவை சூரியன் உதிக்கிற எடத்துல ஞாயித்துக்கிழமைன்னு ஒன்னை நாமளாதான் உண்டாக்கிக்கணும். லினெஞ்சர் தன்னோட ஒரு வயசு பையனுக்கு லெட்டர் எழுதிக்கிட்டே இருந்தார், அந்த பையனால அப்போ படிக்க முடியாதுன்னு தெரிஞ்சே.

வீட்டுக்கு போன் பண்ண முடியாதா?

மிர் காலத்துல ரஷ்ய தரை நிலையங்களுக்கு மேல போகும்போது மட்டும் பேச முடியும், ஒரு தடவைக்கு பத்து நிமிஷம் கிட்ட. அதுலயும் முக்காவாசி ரிப்பேர் பேச்சு. இப்போ இருக்குற சர்வதேச விண்வெளி நிலையத்துல நிலைமை எவ்வளவோ மேல், போன், மெயில், வாரத்துக்கு ஒரு வீடியோ கால் எல்லாம் உண்டு.

மோதலுக்கு கடைசியா யாரை குத்தம் சொன்னாங்க?

அதிபர் யெல்ட்சின்ல இருந்து பல பேர் மனுஷத் தப்புன்னு வெளிப்படையா சொன்னாங்க. சிப்லியெவ் ஆகஸ்ட் 14 எறங்கினப்போ தரையில மெதுவா எறங்க வைக்கிற ராக்கெட்டும் சரியா வேலை செய்யாம பலமான அடியோடதான் வந்து சேந்தார். வந்ததும் நிருபர்கள் முன்னாடி, பிரச்னையோட வேர் பூமியில இருக்குன்னு சொன்னார். நான் அவர் பக்கம்தான். காசு மிச்சம் பிடிக்க கருவியை நிறுத்தினது, மார்ச்ல தப்பிச்சதுல இருந்து பாடம் படிக்காதது, பயிற்சி இல்லாம பண்ண சொன்னது, இதெல்லாம் விண்வெளியில இருந்த சிப்லியெவ் எடுத்த முடிவு இல்ல. அங்க உயிரை பணயம் வெச்சு நிலையத்தை காப்பாத்தினதும் அதே மூணு பேர்தான், அதை சொல்லாம முதல் பாதியை மட்டும் சொல்றது அநியாயம்.

இப்போ இந்த மாதிரி நடக்குமா?

நடந்துக்கிட்டுதான் இருக்கு. 2021 நவம்பர் 15 ரஷ்யா தன்னோட பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால ஒடைச்சப்போ சிதறல் பயத்துல விண்வெளி நிலையத்துல இருந்த ஏழு பேரும் டிராகன்ங்கிற அமெரிக்க விண்கலத்துலயும் சோயுஸ்லயும் ஒதுங்கினாங்க. 2022 டிசம்பர்ல அங்க நின்ன சோயுஸ்லயே கூலன்ட் ஒழுகி, அதுல வந்த புரோகோபியெவ், பெதெலின், ஃபிராங்க் ரூபியோ மூணு பேரும் ஆறு மாசம்னு போனவங்க 371 நாள் இருக்க வேண்டியதாச்சு. மாத்து சோயுஸ் ஆளில்லாம போய் சேர்ற வரைக்கும் ரெண்டு மாசம் நம்பி ஏற ஒழுங்கான வண்டி இல்ல. முன்னாடியே இவ்ளோ நாள்னு தெரிஞ்சிருந்தா குடும்பத்தை நெனச்சு ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்னு ரூபியோ மறைக்காம சொன்னார், அப்படி ஒருத்தர் வெளிய சொல்றதே எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு.

செவ்வாய்க்கு போனா?

அங்க மூணு நிமிஷத்துல இருந்து இருபது நிமிஷத்துக்கு மேல வரைக்கும் ஆகும் நம்ம குரல் ஒரு பக்கம் போய் சேர. காத்து போகுதுன்னு சொன்னா பதில் வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிரும், லசுத்கின் மாதிரி கேக்காம செய்யுற ஆள்தான் வேணும். 2010-11ல மாஸ்கோவுல ஆறு பேரை 520 நாள் ஒரு கட்டடத்துக்குள்ள வெச்சு பாத்தாங்க. நாள் ஆக ஆக அசைவு குறைஞ்சுது, சிலருக்கு தூக்கம் மொத்தமா தாறுமாறாச்சு, அங்கயும் கூட இருந்தவங்களோட நடந்ததை விட கட்டுப்பாட்டு அறையோட நடந்த உரசல்தான் ரொம்ப அதிகம். ஆனா உள்ள பூட்டி வெச்சு உயிர் பயத்தை உண்டாக்க முடியாது, கதவை தட்டினா வெளிய வந்துடலாம்னு அவங்களுக்கு தெரியும். அதனால அந்த சோதனையை விட மிர் கதைதான் செவ்வாய்க்கு போறவங்களுக்கு கிட்டன்னு நெனைக்கிறேன்.

நம்ம ககன்யானுக்கு இதெல்லாம் தேவையா?

ககன்யான்னா இந்தியா தன்னோட வீரர்களை விண்வெளிக்கு அனுப்புற திட்டம். ஆளுங்க போற முதல் பயணம் மூணு நாள் கணக்குதான், அதுக்கு இவ்ளோ வேண்டாம். ஆனா 2035க்குள்ள சொந்த விண்வெளி நிலையம்னு இந்தியா சொல்லுது, அப்போ கண்டிப்பா தேவை. தேர்வான நாலு பேரும், சென்னையில பொறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, மாஸ்கோ பக்கத்துல இருக்குற ககாரின் மையத்துல (ரஷ்யாவோட விண்வெளி வீரர் பயிற்சி மையம்) பயிற்சி எடுத்தவங்க.

அந்த மிர் ஆளுங்க அப்புறம் என்ன ஆனாங்க?

ஃபோல் 2003-04ல சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு கமாண்டரா போய் ஆறு மாசம் இருந்தார், கூடப் போனது தீக்கு நடுவுல பிரிண்ட் எடுத்தாரே அந்த கலேரி. கோர்சுன் 2002ல அங்க கமாண்டர். லசுத்கின் அதுக்கு அப்புறம் பறக்கவே இல்ல. சிப்லியெவும் பறக்கல, ஆனா 2003ல இருந்து 2009 வரைக்கும் அதே ககாரின் மையத்தோட தலைவரா இருந்தார், அடுத்து மேல போற ஒவ்வொருத்தருக்கும் பயிற்சி அவர் பொறுப்புல நடந்துச்சு.